பெரியவன் என்று எழுதப்பட்ட என் மூத்தார்

செய்தி வந்தபோது நான் கடையின் பின்கட்டில் பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். பாலோ ரயில் ஸ்டேஷனில் மூட்டை இறக்குகிறவர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"அக்கா, மாசாய் பக்கத்துத் தோட்டத்துலேர்ந்து ஸ்டேஷனுக்குத் தந்தி வந்திருக்கு. பெர்ரின்னு ஒருத்தர் காய்ச்சல்ல தவறிட்டாராம். பாலோ வண்டிக்காரர்னு போட்டிருக்கு. இங்க யாருக்கும் அப்படி ஒரு பேரு தெரியல. நம்ம ஆளுங்கள்ல யாராச்சுமா?"

"பெர்ரியா? அது வெள்ளைக்காரங்க பேரு இல்ல?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாய் மூடுவதற்குள் நினைவு வந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் என் மூத்தாரை அப்படித்தான் கூப்பிடுவார். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குள் ஓடினேன்.

என் வீட்டுக்காரர் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "அண்ணன் பேரு பெரியசாமி. இது வேற யாரோ" என்று சொல்லிவிட்டு மறுபடி நிறுக்க ஆரம்பித்தார். தராசு முள் ஆடி நின்ற பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. "பெரியசாமிதானே அண்ணன் பேரு?" என்று என்னையே கேட்டார்.

"கடையைச் சாத்துங்க. நாங்க வர்ற வரைக்கும் எடுக்க வேணாம்னு பதில் தந்தி குடுங்க. போயி முகத்தைப் பார்ப்போம்" என்றேன்.

முகத்தைப் பார்ப்பது என்பது எங்கள் வீட்டில் சாதாரணச் சொல் அல்ல. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மூத்தாரைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி பாலோ கோயில் சபையார் கேட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. பொட்டலம் கட்டி வரும் காகிதத்திலும் தேவாரப் புத்தகத்திலும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டவள். பிழையிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூத்தார் என்றால் கணவருக்கு மூத்தவர். அவர் எதிரில் நான் நின்று பேசியதில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். "சோறு எடுத்து வச்சிருக்குன்னு பெரியப்பாகிட்டச் சொல்லு" என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அவரும் சுவரைப் பார்த்து, "கொழம்பு நல்லா இருந்துச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லு" என்பார். இத்தனை வருஷமும், ஒரே ஒரு நாளைத் தவிர, எங்கள் பேச்செல்லாம் பிள்ளைகள் வழியாகவும் கதவு வழியாகவும்தான். ஆனாலும் அவர் மனதில் இருந்த ஒன்று எனக்குத் தெரியும். வேறு எதையும் அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மாட்டு வண்டி ஓட்டினார். தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட்டு ஏற்றி வந்து பாலோ ஸ்டேஷனில் இறக்குவார். நல்ல உயரம். முப்பது வயதைத் தாண்டுமுன்பே தலை நரைத்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வண்டியில் ஏறி உட்காரவே மாட்டார், மாடுகளோடு சேர்ந்து நடப்பார். யாராவது கேலி செய்தால், "அதுங்க ரப்பரையும் இழுத்து என்னையும் இழுக்கணுமா? எனக்கென்ன கால் இல்லையா?" என்பார். இடது காலைச் சற்று வீசி வைத்து நடப்பார். அந்தக் கால் சத்தத்தை வைத்தே வருவது அவர் என்று சொல்லிவிடலாம். என் மாமியார் அந்தச் சத்தத்தைக் கேட்டால் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து வாசலைப் பார்ப்பார். மகன் என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொள்வார்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா அவுருதான்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

அவுரு என்றால் என் மாமனார்.

மாமியாரும் மாமனாரும் மூத்தாரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். இங்கே மலாயாவில், ஜொகூரில் ரயில் பாதை போட்டு முடிந்த சமயம். மூத்தாருக்கு அப்போது மூன்று முடிந்து நாலு நடக்கிறது. என் வீட்டுக்காரர் வயிற்றில். தோட்டத்துக்கு வந்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் பரவியது. விழுந்தவர்களை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், என் மாமனாரும் அதில் போனார். மாமியார் நிறைமாதம், கூடப் போக முடியவில்லை. சில நாள் கழித்து, ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணி கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் வந்து நின்றாராம்.

"உன் ஆளு போயிட்டான் ஆத்தா. நேத்தே பொதச்சாச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல. ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"அவங்க பாத்தாங்களா?"

"பாக்காமயா பொதைப்பாங்க?"

"அவங்க அதுக்கு முன்னாடி அவுரு மூஞ்சியைப் பாத்திருக்காங்களா? எத்தனையோ பேரு காய்ச்சல்ல கெடந்தாங்க. இவுருதான்னு எப்படித் தெரியும்?"

கங்காணி திரும்பி நடந்துவிட்டார். அடுத்த மாதமே அதே காய்ச்சலில் அவரும் போய்விட்டார். கூட வந்தவர்களில் பிழைத்தவர்கள் மூலைக்கு மூலை சிதறிப் போனார்கள். மாமியார் தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. லயத்தில் பெண்கள் முகத்துக்கு நேராகவே ஏசினார்கள். "மினுக்கிக்கிட்டுத் திரியிறா பாரு" என்றார்கள். அவர் காதில் வாங்கவில்லை. பிரசவமான கையோடு இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்கு வேலை கேட்டுப் போனார்.

பேர் பதிகிற இடத்தில் கணக்கெழுதும் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணியார் இருந்தாராம். மூத்தார் இந்த இடத்தை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

"பெடியன்ர பேர் என்ன?"

"பெரியவன்."

"அது பேரே? சரி. தேப்பன்ர பேர்?"

மாமியார் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"சொல்லுங்கோவன். நீங்கள் சொல்லேலாதெண்டால் நான் என்னத்தை எழுதுறது?"

கணவன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும். இதை வாசிக்கிற பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எழுதுகிற நானும் என் கணவரின் பெயரைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்லி உதவுவார்கள். அன்று பக்கத்தில் நின்றவர்களில் ஒருவருக்கும் என் மாமனாரைத் தெரியாது. கிராணியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தோட்டத்துக் கங்காணியின் பெயரைத் தகப்பன் இடத்தில் எழுதிக்கொண்டார். அப்படி எழுதுவது வழக்கம்தான். இங்கிலீஷில் அன்றைக்குப் பெரியவன். அடுத்த தோட்டத்தில் வேறு கிராணி, பெரியன் ஆயிற்று. தகப்பன் அந்தத் தோட்டத்துக் கங்காணி. பிறகு வண்டி லைசென்சு எடுத்தபோது பெரியசாமி என்று சொன்னார், அவர்கள் அதை இரண்டாக உடைத்து, பெரி மகன் பெயரென்றும் சாமி தகப்பன் பெயரென்றும் எழுதிவிட்டார்கள். துரை பெர்ரி என்றார். என் வீட்டுக்காரர் கதையும் இதுவே. காகிதத்தைப் பார்த்தால் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரும் வெவ்வேறு தகப்பனுக்குப் பிறந்தவர்கள்.

"எங்கப்பாவுக்கு ஒரு பேருகூட இல்ல. எனக்கு நாலு இருக்கு. அவருக்கு ஒண்ணைக் குடுத்துட்டா என்ன?" என்று மூத்தார் கேட்பார். எல்லோரும் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

சிரிக்கக் கூடியதா அது? நாலில் ஒன்றுகூட அவருக்கு வைத்த பெயர் இல்லை. மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். அவருக்கும் மாமனாருடைய தகப்பனார் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அவர் என் மாமியாருக்கு மாமனார், மாமனார் பெயரையும் மருமகள் சொல்லக்கூடாது. ஆகவே மாமியார் பெற்ற பிள்ளையையே பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, பெரியவனே என்றுதான் கூப்பிட்டார். என் மாமனாரும் தம் தகப்பன் பெயர் தாங்கிய பிள்ளையை ஐயா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாராம். அப்பா, தாத்தா, தன் பெயர் மூன்றும் ஒரே வாய்க்குள் இருந்தன. அந்த வாய் திறக்கவில்லை.

ஆடி அமாவாசைக்கு எங்கள் பக்கத்து ஆண்கள் ஆற்றங்கரைக்குப் போய்த் தகப்பன்மாருக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். சடங்கு செய்துவைக்கும் பண்டாரம் ஒவ்வொருவரிடமும் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். மூத்தார் வருஷா வருஷம் போவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் தள்ளி நிற்பார். எல்லோரும் விட்டு முடித்ததும் திரும்பி வந்துவிடுவார்.

பண்டாரம் ஒரு தடவை வீட்டுக்கே வந்து சொன்னார். "பேரு தெரியாதவங்களுக்கு ஒரு வழி இருக்குப்பா. ஈசன் பேரைச் சொல்லி விடலாம். போய்ச் சேரும்."

"யாருக்குப் போய்ச் சேரும்?"

"உங்கப்பாவுக்குத்தான்."

"பேரு தெரியாம பொதைச்சாங்க. தண்ணியும் பேரு தெரியாம விடணுமா? வேணாங்க. அவரைக் கூப்பிட்டுக் குடுக்கணும்" என்றார் மூத்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். தகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கை தண்ணீர் விட வேண்டும்.

அதற்காக அவர் செய்யாதது இல்லை. மாமியார் ஊர்ப் பெயரைச் சொல்வார், அதில் தடையில்லை. அந்த ஊருக்குக் கடிதம் எழுதிப் போட்டார். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. "அந்த வருஷம் பஞ்சத்தில் கப்பலேறினவர்கள் அநேகம் பேர். தாங்கள் விசாரிக்கும் நபரின் பெயரைக் குறிப்பிட்டு எழுதவும்." மாமியாரின் பிறந்த வீட்டார் வேற்றூர்க்காரர்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. மூத்தார் அந்தக் கடிதத்தை மடித்து மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்தார். மழையில் கரைந்து போயிற்று.

முதலில் வந்திறங்கிய தோட்டத்துக்கு வண்டி போகிற வேலையைக் கேட்டு வாங்கினார். அங்கே இருந்த கிராணியிடம் கெஞ்சிக் கூத்தாடி, காய்ச்சல் வருஷத்துப் பேரேட்டைப் படித்துச் சொல்லச் சொன்னார். செத்தவர்கள் என்று குறித்த பெயர்கள் நிறைய இருந்தன. ஒரு பக்கத்தில் ஒரு மாதிரியும் மறுபக்கத்தில் வேறு மாதிரியும் எழுதியிருந்ததால், ஒரே ஆளா மூன்று ஆளா என்று கிராணிக்கே தெரியவில்லை. "அப்பன் பேரைச் சொல்லுயா, நான் தேடித் தர்றேன்" என்றாராம் அவர். அங்கேயும் அதே கேள்விதான்.

மூத்தார் அத்தனை பெயர்களையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். அன்று மாமியார் எங்கள் அடுக்களைப் படியில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். மூத்தார் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால்.

"ஆத்தா, நீ வாயத் தொறக்க வேணாம். நான் ஒவ்வொரு பேரா சொல்லுறேன். வர்ற எடத்துல தலையை மட்டும் ஆட்டு."

ஒவ்வொன்றாகச் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். மாமியார் நெத்திலியின் தலையைக் கிள்ளி ஒரு பக்கமும் உடலை மறுபக்கமும் போட்டுக்கொண்டே இருந்தார். கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் முடிந்ததும் கேட்டார்.

"இதெல்லாம் யாரு பேரு?"

"காய்ச்சல்ல போனவங்க பேரு."

"செத்தவங்க பேரா? அதுல அவுரு பேரு எப்படிடா இருக்கும்?"

மூத்தார் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தார்.

இதுதான் அந்த வீட்டின் முடிச்சு. பெயர் தெரிந்தால் மாமனார் செத்ததை மூத்தார் விசாரித்து அறிந்துவிடுவார். செத்தது உறுதியானால் மாமியார் பெயரைச் சொல்லிவிடுவார். இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு நின்றன.

நானும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "மூத்தார் படுறது பாக்க முடியல அத்தை. என் காதுல மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"தாயி, நீ உன் புருசன் பேரைச் சொல்லுவியா?"

"மாட்டேன் அத்தை."

"ஏன்?"

"ஆயுசு குறையும்."

"என் புருசனுக்கு மட்டும் ஆயுசு கூடக் கெடக்கா?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அந்தப் பதிலில் எனக்குக் குற்றம் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த வருஷத்தில் மாமியார் படுத்தார். எழுந்திருக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூத்தார் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

"ஆத்தா, இப்பவாச்சும் சொல்லும்மா. யாருக்கும் கேக்காது. என் காதுல சொல்லு."

மாமியார் விரலை அசைத்துக் கிட்டே வரச் சொன்னார். மூத்தார் காதை அவர் வாயோடு வைத்தார். என் வீட்டுக்காரர் கால்மாட்டில் நின்றார். நான் முருகா முருகா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமியார் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நான் போனதுக்கப்புறம் அவுரு வந்தா, சோறு போடுங்க."

போய்விட்டார்.

குளிப்பாட்டுகிற இடத்தில் சண்டை வந்தது. வந்திருந்த பெண்கள் வெள்ளைச் சேலையோடு நின்றார்கள். "இத்தனை வருசம் தெரியாம இருந்தா. போறப்பவாச்சும் முறைப்படி போகட்டும். பொட்டை அழி" என்றார்கள். பண்டாரமும் அதையே சொன்னார். குங்குமச் சிமிழ் என் கையில் இருந்தது. நான் மூத்தாரைப் பார்த்தேன். அன்றுதான் முதல் தடவையாக அவர் நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வச்சு விடும்மா. பொட்டோட போகட்டும்."

பண்டாரம் அவரைத் தனியே அழைத்தார். "யோசிச்சுச் சொல்லு. சுமங்கலியா அனுப்பினா உங்கப்பா உசுரோட இருக்காருன்னு அர்த்தம். அப்புறம் அவருக்கு நீ திதி குடுக்க முடியாது."

"தெரியும்."

"இத்தனை வருசம் அதுக்குத்தானய்யா அலைஞ்ச?"

"தெரியுங்க. வச்சு விடச் சொல்லுங்க."

பெரிய பொட்டாக வைத்தேன். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு முடிவை வேறு யாரும் எடுத்திருக்க முடியாது. தாய் காத்த நம்பிக்கையைத் தாயோடு அனுப்பிவைத்தார், தகப்பனுக்கு விட வேண்டிய தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அதன்பின் அவர் ஆற்றங்கரைக்குப் போகவில்லை. தேடுவதையும் விடவில்லை, தேடுகிற இடம்தான் மாறிற்று. முன்னே செத்தவர்கள் பெயரைத் தேடியவர், பிறகு உயிரோடு இருக்கிற கிழவர்களைத் தேட ஆரம்பித்தார். வண்டி போகிற தோட்டத்திலெல்லாம் லயத்துக் கடைசியில் ஆளில்லாமல் கிடக்கிற பெரியவர்களைப் போய்ப் பார்ப்பார். புகையிலை கொடுப்பார். எந்த ஊர், எந்தக் கப்பல் என்று கேட்பார். ஏதாவது ஒன்று ஒத்துவராது. வந்து சாப்பிட உட்காருவார். என் வீட்டுக்காரர் குழம்பை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்.

என் பிள்ளைகளுக்கு நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவர்கள் அப்பாவின் முன்னால் போய் நின்று, "உங்க பேரு என்னப்பா?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்ல வேண்டும். அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். "அதுக்கு மேல?" என்று கடைசிப் பெண் ஒரு நாள் கேட்டாள். "அதுக்கு மேல ஒண்ணுமில்ல, போய்ப் படி" என்றார் அவர். மூத்தார் அன்று வாசலில் உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் மாசாய் பக்கமிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர், அங்கே ஒரு தோட்டத்தில் ஒரு கிழவர் இருப்பதாகச் சொன்னார். காய்ச்சல் வருஷத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவராம். சொந்தம் யாரும் இல்லையாம். மூத்தார் வண்டியையும் மாடுகளையும் தம்பியிடம் ஒப்படைத்தார்.

"எத்தனை தடவைண்ணே போவீங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இந்தத் தடவையும் நெசமா இருக்கும்னு தோணலடா. போகாம இருக்கவும் முடியல."

புளிச்சோறு கட்டிப் பெரிய பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். "உப்பு போட்டிருக்கான்னு கேளு" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் பேச்சு எனக்குக் கடைசியாகக் கேட்டது அதுதான்.

தந்தி வந்த அன்றே ரயிலேறி, ஜொகூர் பாருவில் இறங்கி, லாரி பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். லயத்துத் தாழ்வாரத்தில் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் குனிந்து துணியை விலக்கி முகத்தைப் பார்த்தார். "அண்ணன்தான்" என்றார். அவரை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மறுபடியும், "எங்கண்ணன்தான். நான் பாத்துட்டேன்" என்று நின்றவர்களிடம் உரக்கச் சொன்னார். அந்த மட்டில் எங்கள் மாமியாருக்குக் கிடைக்காதது எங்களுக்குக் கிடைத்தது.

பக்கத்தில் ஒரு கிழவர் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவரைத் தேடித்தான் மூத்தார் போயிருக்கிறார். அவர் தெலுங்கர். தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான் வருகிறது.

"வந்த நாளே சொன்னேன் பாபு, நான் இல்லே, நான் தெலுகு. அவரு சொன்னாரு, தெரியுது, பரவால்லே, கொஞ்சம் நாள் இருக்கேன். கஞ்சி வச்சுக் குடுத்தாரு. என் காலு அமுக்கினாரு. அப்புறம் காய்ச்சல் வந்துச்சு."

தம் அப்பா அல்ல என்று தெரிந்த ஒருவரிடம் மூத்தார் ஏன் தங்கினார் என்பதை நான் யோசிக்காத நாளில்லை. யோசித்து முடிவு காணவில்லை. கடைக் கணக்கை நான்தான் எழுதுகிறேன், இரண்டு பக்கமும் ஒத்து வராமல் விட்டதில்லை. இது மட்டும் ஒத்து வரவில்லை. விளக்கு முன்னால் உட்கார்ந்து முருகனிடம் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எடுக்கிற நேரத்தில் அந்தத் தோட்டத்துப் பூசாரி தண்ணீர்ச் செம்போடு வந்தார். "பேரு சொல்லுங்க. இவரு பேரு, அப்பா பேரு, தாத்தா பேரு."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூசாரி இன்னொரு தடவை கேட்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சொல்வதற்கு அங்கே வேறு யாரும் இல்லை.

"பெரியசாமி" என்றேன். மூத்தார் பெயர் என் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. கதவுக்குப் பின்னால் நிற்காமல், எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன். அது அவருக்கு வைத்த பெயர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"அப்பா பேரு?"

"ஈசன் பேரைச் சொல்லி விட்டுருங்க" என்றேன்.

அவர் வாழ்நாள் முழுவதும் வேண்டாம் என்று சொன்னதை அவர் தலைமாட்டில் நின்று நானே சொன்னேன். வேறு வழி எங்களிடம் இல்லை. பூசாரி சரியென்று தலையாட்டிவிட்டுச் செம்பைச் சாய்த்தார். அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது.

மூத்தாரே, பெயரை வைத்து உங்களை அந்த உலகத்தில் ஒருவரும் அடையாளம் கண்டுகொள்ள முடியாது. உங்களிடம் இருந்தது உங்கள் நடை ஒன்றுதான், அதைக் கேட்டால் அத்தைக்குத் தெரியும். மாமனாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நீங்கள் நடந்து போகவில்லையே. உங்கள் கால் தரையில் பாவாமல் நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் போகக்கூடிய எல்லை வரை, லயத்து முனை வரைக்கும், நான் பின்னால் வந்தேன். தூக்கினவர்கள் கால் சத்தம்தான் கேட்டது. ரப்பர் மரங்களுக்குள் திரும்பியதும் அதுவும் கேட்கவில்லை.

போய் வாருங்கள்.